நாய் இனப் பட்டியலை நம்பி முடிவெடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப்பிராணிகள் குறித்த பத்திகளில், 'ஒவ்வாமை உண்டாக்காத நாய்கள்' என்று பூடில், லேப்ரடூடில், போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் முதலிய இனங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் அடிக்கடி வெளிவருகின்றன. 2009இல் பராக் ஒபாமாவின் குடும்பம், மூத்த மகளின் ஒவ்வாமையைக் கருத்தில் கொண்டு போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் ஒன்றை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்த பிறகு இந்த நம்பிக்கை மேலும் வலுத்தது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்காக நாய் தேடும் பெற்றோர் முதலில் படிப்பது இத்தகைய பட்டியலைத்தான். அதை நம்பி அவர்கள் முடிவெடுப்பது குழந்தைக்கும் நல்லதல்ல, நாய்க்கும் நல்லதல்ல என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாயின் முடிதான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் உடல் எதிர்வினை காட்டுவது நாயின் உமிழ்நீரிலும், தோலிலிருந்து உதிரும் செதில்களிலும், சிறுநீரிலும் உள்ள சில புரதங்களுக்குத்தான். நாய் தன் உடலை நக்கும்போது முடியில் ஒட்டும் உமிழ்நீர் காய்ந்து, அதிலுள்ள புரதம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காற்றில் மிதந்து, மெத்தையிலும் திரைச்சீலையிலும் உடைகளிலும் படிகிறது. முடி அதிகம் உதிராத நாய்க்கும் உமிழ்நீர் சுரக்கிறது, தோல் உதிர்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒவ்வாமை தராதவை எனப்படும் இனங்களின் முடியில், கேன் எஃப் 1 என்னும் முக்கியமான ஒவ்வாமைப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே காணப்பட்டது. அந்த நாய்கள் வாழ்ந்த வீடுகளின் காற்றில் அப்புரதத்தின் அளவு குறைந்திருக்கவும் இல்லை.

லேப்ரடூடில் உருவான வரலாறும் இதையே காட்டுகிறது. ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. ஆனால் அவருடைய கணவருக்கு நாய் ஒவ்வாமை இருந்தது. அவர்களுக்காகவே ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை உருவாக்கும் அமைப்பொன்றில் பணியாற்றிய வாலி கான்ரன், 1980களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைசேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளின் முடி, உமிழ்நீர் மாதிரிகளை ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கும்போது, ஓர் இனத்தின் பெயர் நம் குழந்தைக்கு எந்த உறுதியைத் தந்துவிட முடியும்? இந்தக் கலப்பினத்தை உருவாக்கியதற்காகக் கான்ரன் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார்.

ஆகவே தேடலைத் தொடங்க வேண்டிய இடம் ஒவ்வாமை மருத்துவரின் அறை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் குழந்தையின் உடல் எதற்கு எதிர்வினை காட்டுகிறது என்பதைத் தெரிவிக்கும். சோதனையில் எதிர்வினை தெரிந்தாலே நோய் என்று பொருளில்லை. அன்றாட வாழ்வில் தென்படும் அறிகுறிகளோடு சேர்த்துத்தான் மருத்துவர் அதை மதிப்பிடுவார். நாயைக் குறைகூறும் பல வீடுகளில் உண்மையான காரணம் மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியாக இருப்பதும் உண்டு. இன்னொரு செய்தி பெற்றோருக்கு அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. நாயின் ஒவ்வாமைப் புரதங்களில் கேன் எஃப் 5 என்பது ஆண் நாயின் புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாவது. அந்த ஒன்றுக்கு மட்டுமே எதிர்வினை காட்டும் குழந்தைக்குப் பெண் நாய் ஒத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எந்த இனம் என்று பல நாள் விவாதிக்கும் குடும்பத்துக்கு, எந்தப் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறியும் இந்த ஒரு பரிசோதனை அதைவிடப் பயன்படும். குழந்தைக்கு ஆஸ்துமா இருந்து, அது கட்டுக்குள் வராத நிலையில், நாய் வாங்கும் பேச்சையே ஒத்திவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூச்சுத்திணறல் தும்மலைப் போன்றதன்று. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவர் இசைவு தந்தபின், எந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவர எண்ணுகிறோமோ அதே நாயுடன் குழந்தை பலமுறை பழக வேண்டும். காப்பகத்தில் சிறிது நேரம் கொஞ்சிவிட்டு வருவது போதாது. அங்கே பிற நாய்களின், சில இடங்களில் பூனைகளின் துகள்களும் காற்றில் இருப்பதால், குழந்தை தும்மினாலும் தும்மாவிட்டாலும் அதிலிருந்து தெளிவான முடிவுக்கு வர இயலாது. சில வாரங்கள் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரிக்க அனுமதி கிடைத்தால் அதுவே சிறந்த வழி. இரவில் இருமல் வருகிறதா, நாய் நக்கிய இடத்தில் தடிப்பு எழுகிறதா, விளையாடும்போது மூச்சு இரைக்கிறதா என்பதைப் பெற்றோர் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். வளர்ந்த நாய்களுக்கே இத்தகைய ஏற்பாடு எளிதில் கிடைக்கும் என்பதால், குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமலிருப்பது நல்லது.

நாயோடு வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறையும் என்ற ஆய்வுச் செய்தியைச் சிலர் இதற்கு எதிராகக் காட்டக்கூடும். 2015இல் வெளியான சுவீடன் ஆய்வில், பிறந்த முதல் ஆண்டிலேயே நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவாக இருந்தது உண்மையே. ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கு நாயைச் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்று அந்த ஆய்வு கூறவில்லை.

நாய் வந்தபின் குழந்தையின் படுக்கையறைக்குள் அதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. முடி வாரும் வேலையைப் பெரியவர்கள் வீட்டுக்கு வெளியே செய்யலாம். குளிப்பாட்டினால் புரதத்தின் அளவு குறையும். எனினும் சில நாள்களில் மீண்டும் ஏறிவிடுவதால், வாரம் இருமுறை குளிப்பாட்டினால்தான் பலன் நிலைக்கும். அதை நாயின் தோல் தாங்குமா என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிப்பான் உள்ள காற்றுச் சுத்திகரிப்பானும் ஓரளவு உதவும். ஒவ்வாமைப் பொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் ஒவ்வாமைத் தடுப்பூசிச் சிகிச்சை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நீளக்கூடியது என்பதால், அதை நம்பி நாயை முன்கூட்டியே வாங்கிவிடுவது முறையன்று.

இத்தனைக்குப் பிறகும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போது நாய் எங்கே போகும் என்பதை அது வீட்டுக்குள் வருவதற்கு முன்பே முடிவு செய்து, பொறுப்பேற்பவரிடம் உறுதி பெற்றிருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஓர் உயிரைத் தெருவில் விடுவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. நாயைத் திருப்பித் தர நேர்ந்தால் அதற்குத் தானே காரணம் என்று குழந்தை எண்ணாதபடி, இது முதலில் ஒரு சோதனைக் காலம்தான் என்பதைத் தொடக்கத்திலேயே அதற்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். தங்கள் நாளிதழில் இனிமேல் இத்தகைய பட்டியல் எதுவும் வெளியாகுமானால், அதனுடன் ஒவ்வாமை மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்