படித்தது ஏன் மறக்கிறது: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பார்க்க வந்திருந்தபோது உங்களில் பலரும் ஒரே குறையைத்தான் சொன்னீர்கள்: வீட்டில் கேட்டால் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கிறது, தேர்வறையில் உட்கார்ந்தால் மறந்துபோகிறது. பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்றோ, ஞாபகசக்தி போதாது என்றோ முடிவுகட்டிவிடுவது எளிது. நாங்கள் பார்த்தவரையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் காரணமல்ல. அவர்கள் படிக்கும் முறைதான் காரணம். அதை விளக்குவதற்கும், வகுப்பறையில் நாங்கள் தொடங்கியுள்ள ஒரு மாற்றத்தைத் தெரிவிப்பதற்கும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு செய்தி மனத்தில் பதிய வேண்டும், பதிந்தது தங்க வேண்டும், தங்கியது கேட்கும்போது வெளிவர வேண்டும். பதிவதற்கு வேண்டியது கவனம். மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் அதையும் நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை நாம் ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்வது இதனால்தான். இவ்வளவு குறுகிய இடத்தில் பாடத்தோடு வாட்ஸ்அப் செய்தியும் நுழைந்தால் எது வெளியேறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிந்தது தங்குவது தனி வேலை என்பதை உலகம் ஒரு நோயாளியிடமிருந்து தெரிந்துகொண்டது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு, கடுமையான வலிப்பு நோயைக் குறைக்கும் பொருட்டு, மூளையின் இரு பக்கத்திலும் உட்புறமாக உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அறுவை செய்து எடுத்தார்கள். அறிவுத்திறன் குறையவில்லை, இளமைக்கால நினைவுகள் பலவும் இருந்தன. ஆனால் சற்றுமுன் சந்தித்துப் பேசியவரை மீண்டும் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதேவேளையில், கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திர வடிவின் மேல் கோடு இழுக்கும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு நாள்தோறும் கொடுத்தபோது, முந்தைய நாள் அதைச் செய்ததே நினைவில்லாத அவருடைய கை மட்டும் தேறிக்கொண்டே வந்தது. கைப்பழக்கம் ஒரு வழியில் தங்குகிறது, பாடச் செய்திகள் வேறு வழியில் தங்குகின்றன. பாடச் செய்திகள் நிலைபெறுவதில் ஹிப்போகாம்பஸுக்குப் பெரும் பங்கு உண்டு; அந்த வேலையில் ஒரு பகுதி உறக்கத்தின்போது நடக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு மணி வரை பிள்ளையை விழிக்க வைத்துத் தேநீர் போட்டுக்கொடுக்கும் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது படித்ததற்கே எதிராக வேலை செய்கிறது.

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, இடைவெளிவிட்டுத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டு 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது; ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியது; ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. பொருள் புரிந்து படித்த பாடம் இவ்வளவு விரைவாகப் போகாது என்றாலும், முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கும் போக்கு அதற்கும் பொருந்தும்.

எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் மூன்றாவது இடத்தில், அதாவது மனத்தில் தங்கியது கேட்கும்போது வெளிவருவதில். தமிழ்த் தேர்வில் 'தக' என முடியும் குறளை எழுதச் சொன்னால், பேனாவைப் பிடித்தபடி கூரையைப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களிடமே 'கற்க' என்று எடுத்துக் கொடுத்தால் மூச்சுவிடாமல் முடித்துவிடுவார்கள். குறள் உள்ளேதான் இருக்கிறது. எப்போதும் முதற்சொல்லைப் பிடித்தே சொல்லிப் பழகியதால் அந்த ஒரு வழியில்தான் வெளியே வருகிறது. மனப்பாடம் கூடாது என்பது என் கருத்தன்று. வாய்ப்பாடும் செய்யுளும் மனப்பாடமாகத்தான் வேண்டும். நோட்ஸில் உள்ள விடையை வரிமாறாமல் பத்து முறை வாசிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு சாரார் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். மறுசாரார் ஒரு முறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 42க்கு இறங்கிவிட, எழுதிப் பார்த்தவர்கள் 56இல் நின்றார்கள். வீட்டில் ஒப்பித்த பிள்ளை தேர்வில் திணறுவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது பாடம் பழகிய முகமாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தையே பிள்ளையும் நாமும் 'தெரியும்' என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆகவே, ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் மாணவர்கள் புத்தகத்தை மூடிவைத்து, முந்தைய வகுப்பிலும் முந்தைய வாரத்திலும் நடந்தவற்றில் நினைவுள்ளதை ஐந்து நிமிடம் ரஃப் நோட்டில் எழுதுகிறார்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழையையும் வேறு நிற மையில் தாங்களே திருத்துகிறார்கள். இதற்கு மதிப்பெண் இல்லை. அந்த நோட்டில் ஆசிரியர் கையெழுத்தே இல்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம், மதிப்பெண் வந்தால் பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாத தாயும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு அறிவியல்ல என்ன நடத்துனாங்க, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேட்கலாம். பிள்ளை தடுமாறினால் திட்ட வேண்டாம், உடனே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். சற்று யோசிக்க விட்டு, பிறகு புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே பாடத்தை இரண்டு நாள் கழித்தும், அடுத்த வாரமும் ஒரு முறை கேளுங்கள்.

அரையாண்டுத் தேர்வு வரை இம்முறை தொடரும். ரஃப் நோட்டுகளைப் பார்க்க விரும்பும் பெற்றோர் வெள்ளிக்கிழமைகளில் மாலை 4.30 மணிக்கு மேல் வகுப்பாசிரியரைச் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்