செயின் வண்டிகளின் டிராக் தேய்மானம்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பர்மாவின் பெகு வட்டாரத்திலிருந்தும் சித்தாங் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நெல் அறுவடை இயந்திரம் வைத்திருக்கும் நம்மவர் சங்கத்தின், கடந்த சித்திரை முதல் இந்தப் பங்குனி வரையிலான ஆண்டறிக்கையை நிர்வாகக் குழுவின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் கோயில் மண்டபத்தில் நடைபெற்றன. அறுவடை மும்முரமாக நடந்த நாட்களில் மட்டும் அவை தள்ளிவைக்கப்பட்டன. இவ்வாண்டு மறைந்த மூத்த உறுப்பினர்களின் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபத்தை இங்கே பதிவு செய்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே அவற்றில் மேலும் நேரம் எடுத்துக்கொள்ளாமல், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களிலும் பேசப்பட்ட ஒரே பொருளுக்கு வருகிறேன். செயின் வண்டிகள் என்று நாம் அழைக்கும், சக்கரத்துக்குப் பதில் பட்டையின் மேல் ஓடும் நம் அறுவடை இயந்திரங்களின் ரப்பர் டிராக்கும், அதைத் தாங்கும் ரோலர்களும், வழிகாட்டிச் சறுக்குத் தகடுகளும் உரிய காலத்துக்கு முன்பே தேய்ந்துபோவதுதான் அந்தப் பொருள்.

நம் வட்டாரத்தில் மழைக்காலப் பயிர் கார்த்திகை, மார்கழியிலும் கோடைப் பயிர் சித்திரை, வைகாசியிலும் அறுவடைக்கு வருகின்றன. முதல் போகத்தில் வண்டி சேற்றிலும் ஈரத்திலும் உழைக்கிறது. இரண்டாவதில் வெடித்துக் காய்ந்த நிலத்திலும் புழுதிச் சாலையிலும் ஓடுகிறது. டிராக்குகளும் ரோலர்களும் தாய்லாந்து எல்லை வழியாகவோ, கப்பலில் ரங்கூன் துறைமுகத்துக்கோ வந்து சேர வேண்டியவை. 2021க்குப் பிறகு நம் பணத்தின் மதிப்பு சரியச் சரிய அவற்றின் விலை ஏறிக்கொண்டே போயிருப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கும் உறுப்பினருக்கு ஒரு ஜோடி டிராக் மாற்றுவதென்றால் அந்தப் போகத்தின் லாபம் முழுவதையும் எடுத்து வைப்பது போன்றதுதான்.

ஆகவே நிர்வாகக் குழு, உறுப்பினர்கள் கழற்றிப் போட்டிருந்த பழைய டிராக்குகளைக் கேட்டு வாங்கி, ஓர் உறுப்பினரின் கொட்டகையில் வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தது. எங்களில் பலர் எதிர்பார்த்ததற்கு மாறான ஒன்று அங்கே தெரிந்தது. மண்ணைக் கவ்விப் பிடிக்கும் வெளிப்பக்கப் பற்கள் பெரும்பாலான டிராக்குகளில் இன்னும் நல்ல உயரத்தோடு நின்றன, அழிந்திருந்தது உட்பக்கம். ரோலர் ஓடும் பாதையில் ரப்பர் வரிவரியாக அறுந்து, சில இடங்களில் எஃகுக் கம்பிகள் துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வயல்தான் டிராக்கைத் தின்கிறது என்பது உண்மையானால் வெளிப்பக்கம்தான் முதலில் மழுங்கியிருக்க வேண்டும். உட்பக்கம் முதலில் போயிருப்பதால், காரணத்தை வண்டிக்கு அடியில்தான் தேட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம்.

டிராக்கின் அமைப்பை இங்கே சுருக்கமாகச் சொல்வது பயன்படும். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் ரப்பர்ப் பட்டை. உள்ளே அதன் நீளம் முழுவதும் எஃகுக் கம்பி வடங்கள் ஓடுகின்றன. குறுக்கே சம இடைவெளியில் இரும்புக் கட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பிராக்கெட் எனும் பல்சக்கரத்தின் பற்கள் அந்தக் கட்டைகளைப் பிடித்தே டிராக்கை இழுக்கின்றன. டிராக்கின் மேல் 500×90×51 என்று அச்சிட்டிருந்தால், அகலம் 500 மில்லிமீட்டர், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடைவெளி 90 மில்லிமீட்டர், கட்டைகள் 51 என்று பொருள். பின் இரண்டு எண்களையும் பெருக்கினால் சுற்றளவு 4,590 மில்லிமீட்டர் என்று வரும். கடையில் கேட்கும்போது இந்த மூன்று எண்களையும் சொல்லிக் கேட்க வேண்டும். இடைவெளி சற்றே மாறுபட்ட டிராக்கை மாட்டினால் முதல் நாளிலிருந்தே ஸ்பிராக்கெட் கட்டைகளைக் கடித்துத் தின்னத் தொடங்கிவிடும்.

அடுத்து, கொட்டகையில் அறுத்துப் பார்த்த ஒரு ரோலரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் ஆண்டு முழுவதும் நாங்கள் கற்றதில் பெரும்பகுதி அந்த ஒரு ரோலரில் இருந்தது. அச்சைச் சுற்றி வைக்கோல் கயிறுபோல் முறுக்கேறி, கத்தி வைத்து அறுத்தால்தான் வரும் அளவுக்கு இறுகியிருந்தது. அந்த வைக்கோல், எண்ணெய் கசியாமலும் நீர் புகாமலும் தடுக்கும் வளையமான சீலின் உதட்டை உள்நோக்கி அழுத்தி, ஒரு பக்கத்தில் கிழித்திருந்தது. கிழிந்த வழியாகச் சேற்று நீர் உள்ளே போயிருந்தது. எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் களிம்பு போன்ற சேறு இருந்தது. பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. சுற்ற முடியாத ரோலர் அப்படியே நின்றுவிட, அதன் அடியில் டிராக் நாள் முழுவதும் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. வட்டமாக இருக்க வேண்டிய ரோலரின் ஒரு பக்கம் உளியால் செதுக்கியதுபோல் தட்டையாகியிருந்தது. அந்தத் தட்டையின் ஓரம் கத்தி முனைபோல் கூர்மையாக இருந்ததையும், அதே வண்டியின் டிராக்கில் அதே அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்ததையும் அன்று வந்திருந்தவர்கள் கையால் தடவிப் பார்த்தார்கள்.

வேலை முடிந்து நிறுத்தியதும் ஒவ்வொரு ரோலரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதன் பேரிங் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு ரோலரைச் சுற்றி மட்டும் புழுதி கறுத்து ஈரமாக ஒட்டியிருந்தால் அதன் சீல் கசிகிறது. வாரம் ஒருமுறை வண்டியை ஜாக்கியில் தூக்கித் தாங்கு கட்டைகளின் மேல் உறுதியாக நிறுத்தி, என்ஜினை அணைத்த பின் எல்லா ரோலர்களையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் பெகுவை வெள்ளம் சூழ்ந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை இதுவரை செய்யவில்லையென்றால், அடுத்த போகத்துக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

சில வண்டிகளில் ரோலர்களுக்கு நடுவே, டிராக் பக்கவாட்டில் விலகாதபடி தடுக்கும் வழிகாட்டித் தகடுகள் உண்டு. இவை சுற்றுவதில்லை, உரசுவதே இவற்றின் வேலை. கனடா, பின்லாந்து போன்ற குளிர்நாடுகளில் ஓடும் பனி வண்டிகளில் இதே ஏற்பாடு இன்னும் தெளிவாக இருக்கிறது. அங்கே டிராக் முழுவதும் இரண்டு நீண்ட பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளின் மேல் வழுக்கி ஓடுகிறது. அந்தப் பட்டைக்கு எண்ணெயோ கிரீஸோ கிடையாது. டிராக் வாரியெறியும் பனிதான் அதற்கு உயவும் குளிர்ச்சியும் தருகிறது. பனி குறைந்த சாலையிலோ வழவழப்பான உறைபனியிலோ தொடர்ந்து ஓட்டினால், சுமார் 135 பாகை செல்சியசில் உருகும் அந்தப் பிளாஸ்டிக் சீக்கிரமே இளகிக் கரைந்துவிடுகிறது. அதனால்தான் அங்குள்ள ஓட்டுநர்கள் உறைபனியைக் கீறிப் பட்டையின் மேல் தூவும் கம்பிகளை வண்டியில் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டையின் சுமையைக் குறைக்கக் கூடுதல் சக்கரங்களையும் பொருத்துகிறார்கள். பட்டையில் குறித்திருக்கும் தேய்மான எல்லைக் கோட்டை அடிக்கடி பார்க்கிறார்கள். டிராக்கை அளவுக்கு மேல் இறுக்குவதில்லை. நம் வண்டிகளின் தகடுகளுக்கு அந்த உதவியைச் செய்வது வயலின் ஈரம். காய்ந்த சாலையில் மைல் கணக்கில் சொந்தக் காலிலேயே வண்டியை நடத்திப் போகும்போது அந்த ஈரம் இல்லாமல் போய்விடுகிறது. புழுதி மட்டும் நடுவில் புகுந்து உப்புத்தாள் வேலை செய்கிறது. பக்கத்து வயல் என்றால் சரி. ஊர் விட்டு ஊர் போவதென்றால் லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் உறுதியான கருத்து. லாரி வாடகையைச் செலவு என்று பார்ப்பவர்கள், அதைப் புது டிராக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

டிராக்கின் இழுவை, அதாவது அதை எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது பற்றி உறுப்பினர்களிடையே இரண்டு கட்சிகள் இருந்து வந்தன. கழன்று விழாமல் இருக்க எவ்வளவு இறுக்கினாலும் நல்லது என்பது ஒன்று; தளர்வாக விட்டால்தான் சேற்றில் இலகுவாக ஓடும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. அதிகம் இறுகினால் ஐட்லர் (டிராக்கின் மறுமுனையில் அதைத் தாங்கிச் சுற்றும் சக்கரம்), ரோலர், ஸ்பிராக்கெட் ஆகியவற்றின் பேரிங்குகள் எல்லாம் ஒன்றாகச் சுமை தாங்க நேர்கிறது, கம்பி வடங்கள் நீள்கின்றன, டீசலும் வீணாகிறது. அதிகம் தளர்ந்தால் ஸ்பிராக்கெட்டின் பல் கட்டையை விட்டுத் தாவி அதன் முனையைச் சிதைக்கிறது. திருப்பத்தில் டிராக் கழன்றும் விழுகிறது. சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, டிராக் தொங்கும் இடத்தில் ரோலருக்கும் டிராக்குக்கும் உள்ள இடைவெளியைக் கையேட்டில் சொன்னபடி அளந்து வைப்பதே முறை. ஸ்பிராக்கெட்டில் சேறு அப்பியிருக்கும்போது அளந்தால் பொய்யான அளவுதான் கிடைக்கும் என்பதால், முதலில் கழுவிவிட்டுத்தான் அளக்க வேண்டும். புது டிராக் முதல் சில நாட்களில் சற்று நீளும். அப்போது மறுபடி பார்த்துச் சரி செய்வது அவசியம்.

பற்கள் கொக்கிபோல் வளைந்த பழைய ஸ்பிராக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு புது டிராக் மாட்டுவதை இவ்வாண்டும் சிலர் செய்தார்கள். இது மிச்சம் பிடிப்பதாகாது. தேய்ந்த பல் புதுக் கட்டையில் சரியாக உட்காராது என்பதால் புது டிராக்கும் பழையதின் வேகத்திலேயே போய்விடுகிறது. சில வண்டிகளில் இடது, வலது ஸ்பிராக்கெட்டுகளை மாற்றி மாட்டினால் பல்லின் தேயாத பக்கம் வேலைக்கு வரும். தங்கள் வண்டியில் அது முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஓட்டும் முறையைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் விரிவாகச் சொல்லப்பட்டதால் இங்கே சுருக்குகிறேன். காய்ந்த தரையில் நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றக் கூடாது. வரப்பைச் சாய்வாக ஏறாமல் நேராக ஏறி இறங்க வேண்டும். போகம் முடிந்ததும் கழுவி, இழுவையைத் தளர்த்தி, வெயில் படாத கொட்டகையில் பலகைகளின் மேல் நிறுத்த வேண்டும். டீசலும் கிரீஸும் ரப்பரில் பட்டால் உடனே துடைக்க வேண்டும். ரப்பரில் சிறு வெட்டு விழுந்து கம்பி தெரிந்தால் உடனே அடைத்துவிட வேண்டும், இல்லையெனில் ஈரம் உள்ளே போய்த் துரு வெளியே தெரியாமலே வடத்தின் வழியாகப் பரவிவிடும். கழுவும்போது அழுத்த நீரை நேராகச் சீலின் மேல் அடிப்பதும் தவறு; நாமே நீரை உள்ளே தள்ளுவதாக அது முடியும்.

இனி, நிர்வாகக் குழு மிகவும் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவை எதுவும் நம் ஓட்டுநர்களுக்குத் தெரியாதவை அல்ல. தமிழரானாலும், பர்மியரானாலும், கரேன், மொன் இளைஞர்களானாலும், பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்களுக்கு அச்சில் வைக்கோல் சுற்றினால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். ஆனால் அவர்களுக்கு நாம் கூலி தருவது ஏக்கர் கணக்கில். வண்டியை நிறுத்தி, கொக்கியும் கத்தியும் கொண்டு அடியில் படுத்து வைக்கோலை அறுத்தெடுக்கும் நேரத்துக்கு அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. அந்த நேரத்தில் அறுக்காமல் விட்ட ஏக்கரின் கூலியும் போய்விடுகிறது. உரிமையாளரான நாமும் அடுத்த வயல்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் வா என்று போனில் அழைத்துக்கொண்டே இருக்கிறோம். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஓட்டுநரைக் குறை சொல்வது நியாயமாகாது. எனவே, நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் சுத்தம் செய்வதற்கும் சோதனைக்கும் என்று ஒதுக்கி, அந்த மணிக்கு ஏக்கர் கூலியோடு சேராத தனிக் கூலி தருவது என்ற தீர்மானத்தை நிர்வாகக் குழு இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது. சங்கத்தில் சிலர் மட்டும் கொடுத்து மற்றவர்கள் கொடுக்காமல் விட்டால் ஓட்டுநர்களிடையே வருத்தம் வரும். ஆகவே எல்லோரும் ஒன்றாக ஏற்க வேண்டும் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டு சங்கத்தின் பொதுச் செலவில் ஒரு கனரக ஜாக்கியும், ஒரு கிரீஸ் கன்னும், ரோலர் கழற்றும் சாவிகளும் வாங்கப்பட்டு, உறுப்பினர்கள் முறை வைத்துப் பயன்படுத்தி வருகின்றனர். எடுத்துச் செல்பவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு, துடைத்துத் திருப்பித் தர வேண்டும். ரோலரைச் சோதிக்கும் முறையும் இழுவை அளக்கும் முறையும் பர்மிய மொழியிலும் தமிழிலும் ஒரே தாளில் அச்சிடப்பட்டு வண்டிக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் ஒட்டிவைக்குமாறு வேண்டுகிறேன். வரும் ஆண்டில் சீல், பேரிங், ரோலர் ஆகியவற்றைச் சங்கமே மொத்தமாக வாங்கி, வாங்கிய விலைக்கே உறுப்பினர்களுக்குத் தரலாம் என்ற யோசனையும் உள்ளது. அதற்கான முன்பணம் பற்றிப் பொருளாளர் விளக்குவார்.

மண்டபம் தந்து உதவிய கோயில் அறங்காவலர்களுக்கும், கொட்டகையைத் திறந்துவிட்டுத் தேநீரும் சாப்பாடும் கொடுத்து ஆதரித்த உறுப்பினர் குடும்பத்துக்கும், கூலி வாங்காமல் ரோலரை அறுத்துக் காட்டி விளக்கிய மெக்கானிக் அண்ணனுக்கும், பயிற்சி வகுப்பில் பர்மிய மொழியில் பேசி ஓட்டுநர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன இளைய உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். கோடை அறுவடை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு வண்டியின் ரோலர்களையும் குழுவினர் நேரில் வந்து பார்ப்பதற்கான ஊர்வாரி அட்டவணை மண்டப வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. தத்தம் நாளில் வண்டியைக் கழுவித் தயாராக வைத்திருக்குமாறும், இவ்வறிக்கையையும் தனிக் கூலித் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்