வங்கி பிடித்த பணம்: கோர்ட்டுக்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கி அநியாயமாகப் பிடித்த கட்டணத்தைச் சிறு கோரிக்கை வழக்கு (வழக்கறிஞர் இல்லாமல் நாமே போடும் சிறு தொகை வழக்கு) போட்டுத் திரும்ப வாங்கலாம் என்று உங்கள் ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வாங்கலாம்தான். ஆனால் நேரே கோர்ட்டுக்குப் போகச் சொன்னது இடிக்கிறது. வரிசை மாறினால், வங்கிகள்மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன் என்னும், காசு கேட்காமல் திறக்கும் இன்னொரு கதவு அடைபட்டுப் போகும். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நிறைந்த எங்கள் ஊரில் இது பலருக்குத் தெரியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை, பிடித்தது என்ன பணம் என்று பார்ப்பது. பாஸ்புத்தகத்தையோ ஸ்டேட்மெண்டையோ வைத்துக்கொண்டு ‘சாஜ்’, ‘பிரீமியம்’ என்று அச்சாகியுள்ள வரிகளையெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். அவற்றில் பாதி சட்டப்படி பிடித்ததாகவே இருக்கும். கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 25 ரிங்கிட் என்பது மலேசிய அரசாங்கத்தின் சேவை வரி. அதற்கு வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

நம் மக்கள் அதிகம் ஏமாந்ததாக நினைப்பது பழைய சம்பளக் கணக்கில்தான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறினால் புதிய நிர்வாகம் வேறு வங்கியில் கணக்குத் திறக்கச் சொல்கிறது. பழைய கணக்கில் கிடக்கும் நாற்பது ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்டை) யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 12 மாதம் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் அது செயலற்ற கணக்கு. ஆண்டுக்கு 10 ரிங்கிட் கழியும். 7 ஆண்டு அப்படியே கிடந்தால், மிச்சம் இருப்பது அரசாங்கத்தின் கோரப்படாத பணத்துக்கான பதிவாளரிடம் போய்விடும். அங்கே போனதை எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கட்டணமாகக் கழிந்ததற்கு வழக்கு நிற்காது. ஆண்டுக்கு ஒரு தடவை பத்து வெள்ளி போட்டு எடுங்கள், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அடிப்படை சேமிப்புக் கணக்கே போதும். மாதம் 6 முறை கிளை முகப்பிலும் 8 முறை ஏடிஎம்மிலும் கட்டணமில்லை. கேட்டால்தான் தருவார்கள்.

கேட்டு வாங்க வேண்டிய பணம் வேறு. கையெழுத்தே போடாத காப்புறுதிக்கு மாதா மாதம் பிடிப்பது, ஒரே கட்டணத்தை இரண்டு முறை கழிப்பது, கடனைக் கட்டி முடித்த பிறகும் பிடிப்பது போன்றவை. கிரெடிட் கார்டில் தாமதக் கட்டணம் என்றால் பாக்கியில் 1 விழுக்காடு அல்லது 10 ரிங்கிட், இரண்டில் கூடுதலானது. எவ்வளவு பாக்கி இருந்தாலும் 100 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. தாண்டியிருந்தால் அதுவும் உங்கள் பணம். தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73வது பிரிவு சொல்கிறது.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கிளையில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் சொன்னதற்கு அடையாளமே இல்லை. கடிதத்தில் தேதி, தொகை, அந்த வரியில் அச்சாகியிருக்கும் பெயர் மூன்றும் இருக்கட்டும். நகலில் கிளையின் முத்திரையை வாங்குங்கள். வங்கி பாதிப் பணம் தருகிறேன் என்று ஒரு கடிதத்தை நீட்டலாம். அதில் ‘பெஞெலெசாயான் பெனு டான் முக்தாமாட்’ என்று இருந்தால், இத்தோடு கணக்குத் தீர்ந்தது, இனிமேல் கேட்க மாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதாக அர்த்தம். வீட்டில் மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளையிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வங்கி முடியாது என்று இறுதிக் கடிதம் கொடுத்தாலோ, 60 நாளாகியும் பதில் இல்லை என்றாலோ நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம். முன்பிருந்த நிதிச் சேவை ஓம்பட்ஸ்மேன் அமைப்பே 2025 ஜனவரி முதல் பங்குச் சந்தைத் தகராறுகளுக்கான அமைப்போடு இணைந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. நுகர்வோருக்குச் செலவில்லை. முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் வங்கி கட்டுப்பட்டாக வேண்டும். ஏற்காவிட்டால் கோர்ட்டு அப்போதும் இருக்கிறது. இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். இறுதிக் கடிதம் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போகாமல், கடிதத்தை அலமாரியில் வைத்து மறந்துவிடுவது ஒன்று. கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கைப் போட்டுவிட்டு இங்கே வருவது இன்னொன்று. கோர்ட்டில் உள்ள விவகாரத்தை ஓம்பட்ஸ்மேன் தொடமாட்டார். ‘கட்டணமே அதிகம், குறைக்கச் சொல்லுங்கள்’ என்பதும் அங்கே எடுபடாது. ஒப்பந்தத்தில் இல்லாததைப் பிடித்தார்கள் என்று காட்ட வேண்டும்.

அதன் பிறகுதான் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93வது கட்டளைப்படி 5,000 ரிங்கிட் வரை தனி மனிதர் தாமே வழக்குப் போடலாம். உங்களுக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது. 198ஆம் பாரத்தை (படிவத்தை) நான்கு பிரதி நிரப்பித் தாக்கல் செய்ய வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். பாரம் போய்ச் சேர்ந்த 14 நாளில் வங்கி 199ஆம் பாரத்தில் பதில் தரவேண்டும்.

பாரத்தில் அதிகம் பிழையாவது எதிராளியின் பெயர். கிளை மேலாளர் பெயரை எழுதுகிறார்கள். அவர் உங்கள் பணத்தைப் பிடிக்கவில்லை. பெர்ஹாட் (லிமிடெட்) என்று முடியும் நிறுவனத்தின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் ஸ்டேட்மெண்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அப்படியே எடுத்து எழுதுங்கள். ஒரே சின்னத்தின் கீழ் இயங்கினாலும் இஸ்லாமிய வங்கிப் பிரிவு பெரும்பாலும் தனி நிறுவனம். உங்கள் கணக்கு எதில் இருக்கிறதோ அதன்மீதுதான் வழக்கு.

தொகையைக் கூட்டிக் காட்டுங்கள். மாதம் 12.50 ரிங்கிட் காப்புறுதி, 34 மாதம் பிடித்தார்கள் என்றால் 425 ரிங்கிட். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஒரு வரி, பக்கத்தில் ஸ்டேட்மெண்டின் பக்க எண். மன உளைச்சலுக்கு இரண்டாயிரம் என்று சேர்த்தால் நியாயமான 425 ரிங்கிட்டும் சந்தேகமாகத் தெரியும். 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் 6 ஆண்டுதான் கெடு. அது ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனித்தனியாக ஓடுகிறது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்று கையை விட்டுப் போகிறது. 5,000 ரிங்கிட்டுக்கு மேல் வந்தால் அதை இரண்டு வழக்காக உடைக்க முடியாது. மேலே உள்ளதை விட்டுக்கொடுத்துத்தான் இதில் போடலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆங்கில மாதிரிக் கடிதங்களை நம்பவேண்டாம். அவை பிரிட்டிஷ் சட்டத்துக்கு எழுதியவை. கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்ததற்கான கட்டணம் பற்றி அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2009இல் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கடைசியாக, பிள்ளைகளுக்கு. அப்பாவுக்காகப் பாரம் எழுதுவீர்கள், கோடு போட்டுக் கொடுப்பீர்கள். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. விசாரணை நாளில் மைகார்டு அடையாள அட்டையோடும் மூல பாஸ்புத்தகத்தோடும் அவர் வந்து நிற்க வேண்டும். வாதி வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். முட்டி வலி, பஸ் இல்லை என்றால் முதல் நாளே ஊரில் யாரிடமாவது காருக்குச் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்