உபவாச நாளில் ஏறும் கோபம்

ஆசிரியருக்கு,

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தவக்கால நாட்களில் இறைச்சியை விட்ட சில வீடுகளில் மாலையானால் சத்தம் கூடுகிறது. சாப்பாடும் காபியும் இல்லாமல் வேலை முடித்து வருபவருக்கு ஆறு மணிக்குத் தலைவலி. அப்போது பிள்ளையின் மார்க் ஷீட்டை நீட்டினால் வார்த்தை தடிக்கும். வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறீர்கள் என்று பைபிளில் ஏசாயா 58:4 கண்டிப்பது இதைத்தான்.

காபியை ஒரு வாரம் முன்பிருந்தே படிப்படியாகக் குறையுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. கடன், மார்க், சொந்தக்காரர் பிரச்சினை எல்லாம் சாப்பிட்டு அரைமணி கழித்துப் பேசலாம். பிள்ளையிடம் "ஏன் குறைந்தது?" என்றால் வாயை மூடிக்கொள்ளும், "எந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். யாக்கோபு 1:19 கேட்பதைத்தானே முதலில் வைக்கிறது!

மீறிக் கத்திவிட்டால், சூரியன் மறையும்முன் கோபம் தணியட்டும் என்ற எபேசியர் 4:26-ஐ நினைத்து அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள், பிள்ளையிடமும்தான். "ஆனால் நீயும்..." என்று இழுத்தால் சண்டை மறுபடி தொடங்கும். இறைச்சிக்கு ஆகாத பணத்தைத் தனியே எடுத்துவைத்து, ஏசாயா 58:7 சொல்வதுபோல் பசித்தவருக்கு அந்த வாரமே கொடுங்கள். பண்டிகைவரை வைத்திருந்தால் புதுத்துணிக்குப் போய்விடும்.

வாசகர்,
பாளையங்கோட்டை