ஓரினப் பொருளை ஒருவழி வைக்கக் கற்பிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும்போதெல்லாம் தமிழ்ப் பாடத்தில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள் என்று நாடெங்கும் பேச்சாக இருக்கிறது. அப்படித் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேரால், முன்கூட்டி மனப்பாடம் செய்யாத ஒரு பொருளைப் பற்றி, ஒன்றோடொன்று தொடர்புடைய ஏழெட்டு வாக்கியங்களைக் கொண்ட ஒரே ஒரு பத்தியைத் தாமாக எழுத முடியும் என்ற கேள்வியை யாரும் எழுப்பக் காணோம். அந்தக் கேள்வியைத் தங்கள் நாளிதழின் வாயிலாக எழுப்பவே இக்கடிதம்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதும் வினாவுக்கு எட்டு மதிப்பெண். முன்னுரை என்று தொடங்கி முடிவுரை என்று முடியும் குறிப்புச் சட்டகம் வினாத்தாளிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். மாணவர் செய்யவேண்டியதாக மிஞ்சுவது, அந்தக் குறிப்புகளை உட்தலைப்புகளாக எழுதி, அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரிகளை நிரப்பி, நடுவே ஒரு குறளையோ பாரதியின் ஓர் அடியையோ வேறு மையில் எழுதிவிடுவதுதான். உட்தலைப்பு இருந்தால் பத்தி இருக்கிறது என்று பொருளாகிவிடுகிறது. அதன் கீழே உள்ள நான்கு வரிகளில் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் என்ன உறவு என்பதை, முகாமில் கட்டுக்கட்டாகத் தாள்களை வைத்துக்கொண்டு திருத்தும் ஆசிரியரால் நின்று பார்க்க இயலாது. நானும் அம்முகாம்களில் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். நானும் உட்தலைப்புகளை எண்ணித்தான் மதிப்பெண் இட்டேன்.

முன்பு இரண்டு தாள்களாக நடந்த தமிழ்த் தேர்வு இப்போது ஒரே தாளாகிவிட்டது. மாணவர்களின் சுமை குறைந்தது என்ற வகையில் அது நல்லதே. ஆனால் கட்டுரைக்கும் மொழிப்பயிற்சிக்கும் என்று தனியாக இருந்த இடம் அத்துடன் சுருங்கியதையும், அதற்கேற்ப வகுப்பறையில் எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் சுருங்கியதையும் என் கண்ணால் கண்டேன். 2022-ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் வழிகாட்டுகிறது. எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து வாக்கியத்துக்கும் படி அமைத்திருக்கிறோம். வாக்கியத்திலிருந்து நேரே கட்டுரைக்குத் தாவச் சொல்கிறோம். நடுவில் இருக்கவேண்டிய பத்தி என்ற படியை யார், எந்த வகுப்பில், எப்படிக் கற்பிப்பது என்பதற்கு விடை இல்லை. பத்தியைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்ததெல்லாம், முதல் வரியைச் சற்று உள்ளே தள்ளி எழுதவேண்டும் என்பது மட்டுமே.

ஒரு பிள்ளையின் எழுத்தை இங்கே காட்டினால் நான் சொல்வது விளங்கும். எட்டாம் வகுப்பில் ‘எங்கள் ஊர்க் குளம்’ என்ற தலைப்பைக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் எழுதியது இது: “எங்கள் ஊரில் ஒரு குளம் உள்ளது. குளத்தில் தாமரை பூக்கும். நீரின்று அமையாது உலகு என்றார் வள்ளுவர். மேலும் என் தாத்தா குளத்தில் குளிப்பார். மேலும் ஊரில் பெருமாள் கோயில் உள்ளது. புரட்டாசி சனிக்கிழமையில் கூட்டம் வரும். குளத்தில் இப்போது நீர் இல்லை. மேலும் நாம் மழைநீரைச் சேமிக்க வேண்டும்.” ஒற்றுப்பிழை இல்லை, எழுத்துப்பிழை இல்லை. கையெழுத்தும் நன்றாக இருந்தது. குறளும் சரியாகவே இருந்தது. இதைப் படித்துச் சரி என்று குறியிட்டு அனுப்புவதே நடைமுறை. அன்று ஏனோ அந்த ஏழாவது வாக்கியத்தில் என் பேனா நின்றுவிட்டது. குளத்தில் தாமரை பூக்கும் என்று இரண்டாவது வரியில் எழுதிய பிள்ளை, குளத்தில் நீரே இல்லை என்று ஏழாவது வரியில் எழுதுகிறானே என்று அவனை அழைத்துக் கேட்டேன். “ஏம்ப்பா தண்ணி இல்ல?” அவன் தயங்காமல் சொன்னான்: “வாய்க்கா தூந்துபோச்சும்மா. தலைப்புல எல்லாரும் குப்பை கொட்டுறாங்க. ஆத்துல தண்ணி வந்தாலும் கொளத்துக்கு வராது. எங்க தாத்தா அதுலதான் நீச்சல் கத்துக்கிட்டாராம்.”

அந்த நான்கு வாக்கியங்களில் ஒரு முழுப் பத்தி இருந்தது. செய்தி, காரணம், காரணத்தின் விளைவு, இழப்பு என்று நிரல் தவறாமல் வந்து விழுந்தன. வாயால் சொல்லும்போது அவ்வளவு ஒழுங்காகச் சிந்திக்கும் பிள்ளை, பேனாவைத் தொட்டதும் ஏன் சிதறிப்போகிறான் என்ற கேள்வி பல நாள்கள் என்னைத் தூங்கவிடவில்லை. எழுத்து என்றால் தன் மனத்தில் இருப்பதைச் சொல்வது என்று அவனுக்கு நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. எழுத்து என்றால் ஆசிரியரோ கையேடோ தந்ததை நினைவிலிருந்து இறக்கிவைப்பது என்றே பழக்கியிருந்தோம். பணியின் முதல் 12 ஆண்டுகள் நானே கட்டுரைகளைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, மறுவாரம் பார்க்காமல் எழுதச் சொல்லித் தேர்வு வைத்தவள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அதன்பின் நான் கைக்கொண்ட முறை மிக எளியது. நன்றாக அமைந்த ஒரு பத்தியை எடுத்து, வாக்கியம் வாக்கியமாகத் தாளில் எழுதி, தனித்தனித் துண்டுகளாக வெட்டி, ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஓர் உறை வீதம் கொடுப்பேன். துண்டுகளைத் தரையில் பரப்பி, எது முதலில் வரும், அதன் பின் எது வரும் என்று பிள்ளைகள் அடுக்கவேண்டும். அடுக்குவதைவிட முக்கியமானது, ஏன் அப்படி அடுக்கினோம் என்று காரணம் சொல்வது. “இதுல ‘அதனால’னு இருக்கும்மா, அப்ப இதுக்கு முன்னாடி காரணம் வரணும்” என்று ஒரு சிறுமி துண்டைத் தூக்கிக் காட்டியபோது, சுட்டுச்சொற்களும் இடைச்சொற்களும் எதற்காக இருக்கின்றன என்பதை இலக்கண வகுப்பில் நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட அவள் தெளிவாகப் புரிந்துகொண்டாள் என்று உணர்ந்தேன். சில உறைகளில் வேறொரு பத்தியைச் சேர்ந்த துண்டு ஒன்றையும் வேண்டுமென்றே கலந்துவைப்பேன். அது எங்கும் ஒட்டாது. ஒட்டாததை எடுத்து ஓரமாக வைக்கப் பிள்ளைகள் முதலில் அஞ்சினார்கள். ஆசிரியர் கொடுத்ததை எப்படித் தள்ளுவது என்ற தயக்கம் அது. அந்தத் தயக்கம் தீர இரண்டு வாரங்கள் ஆயின.

இன்னொரு கட்டுப்பாடும் விதித்தேன். ஒரு மாதத்துக்கு யாரும் ‘மேலும்’ என்ற சொல்லை எழுதக் கூடாது. அடுத்த வாக்கியம் முந்தியதற்குக் காரணமா, விளைவா, மறுப்பா, எடுத்துக்காட்டா என்று சிந்திக்க வேண்டிய இடத்தில், சிந்திக்காமலே தாண்டிப்போக உதவும் சொல்லாக அது நம் மாணவர்களிடம் ஆகிவிட்டது. அச்சொல்லை விலக்கியதும் ‘ஆனால்’, ‘ஆகவே’, ‘ஏனென்றால்’, ‘இருந்தபோதிலும்’ ஆகியவை தாமாகவே வந்து சேர்ந்தன. மூன்றாவது வாரத்தில் அதே மாணவன் தன் குளத்தைப் பற்றி மீண்டும் எழுதினான்: “எங்கள் ஊர்க் குளத்தில் நான்கு ஆண்டுகளாகத் தண்ணீர் நிற்பதில்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டது. வாய்க்காலின் தலைப்பில் குப்பை கொட்டுகிறார்கள். அதனால் ஆற்றில் தண்ணீர் வந்தாலும் குளத்துக்கு வருவதில்லை. என் தாத்தா சிறுவனாக இருந்தபோது இந்தக் குளத்தில்தான் நீந்தக் கற்றார். எனக்கு நீந்தத் தெரியாது.” பெருமாள் கோயிலை அவன் தானாகவே எடுத்துவிட்டான். குறளையும் எடுத்துவிட்டான். இப்பத்தியில் ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை.

பத்தி என்பது ஆங்கிலக் கல்வியோடு வந்த அமைப்பு, தமிழுக்கு அது அந்நியம் என்று சில நண்பர்கள் என்னிடம் வாதிட்டதுண்டு. ஓலைச்சுவடியில் பத்தி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை என்பதும், அச்சு வந்தபிறகே உரைநடை இன்றைய தோற்றத்தைப் பெற்றது என்பதும், நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்ட முன்னோடிகளில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் ஒருவர் என்பதும் உண்மையே. ஆனால் பத்தியின் உயிரான கருத்து நம் இலக்கணத்தில் பழமையானது. நூலின் உறுப்புகளுள் ஒன்றான ஓத்துக்குத் தொல்காப்பியமும், அதன் வழியே நன்னூலும் கூறும் இலக்கணம் இது:

நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு
ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது
ஓத்தென மொழிப உயர்மொழிப் புலவர்.

ஒரே இனத்து மணிகளை வரிசையாகக் கோத்ததுபோல, ஓரினமான பொருளை ஓரிடத்தில் வைப்பது என்பதைவிடப் பத்திக்கு வேறு வரையறை வேண்டுமா? ஓத்து என்பது பத்தியைவிடப் பெரிய பகுதி என்பதை அறிவேன். எனினும் ஒரு பகுதியை ஒரு பகுதியாக ஆக்குவது எது என்ற கேள்விக்கு இந்நூற்பா தரும் விடை பத்திக்கும் அப்படியே பொருந்துகிறது. நூலின் பத்து அழகுகளைக் கூறும் இடத்தில் ‘முறையின் வைப்பு’ என்ற ஒன்றை நன்னூலார் தனியே எண்ணுகிறார். பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’, ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்ற இரண்டும், இன்று எந்த மாணவரின் கட்டுரை ஏட்டைத் திறந்தாலும் கண்ணில் படுபவை. குளத்தைப் பற்றி எழுதவந்து பெருமாள் கோயிலில் நின்றது மற்றொன்று விரித்தல். மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று கடைசியில் ஒட்டுப்போட்டு முடித்தது சென்று தேய்ந்து இறுதல். வகுப்பில் இச்சொற்களைக் கொண்டே பிள்ளைகள் தங்கள் எழுத்தைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து நிற்கும் முறைகளாக, சூத்திரநிலை என்று நன்னூல் சொல்லும் ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்ற நான்கும் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயின. “உன் நாலாவது வரி தவளைப் பாய்த்து” என்று ஒருவன் சொன்னால், இடையில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது என்று மற்றவனுக்கு உடனே விளங்கிவிடும். இந்த நூற்பாக்களை இரண்டு மதிப்பெண் வினாவுக்கான விடையாக மட்டுமே நாம் நடத்துகிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இதெல்லாம் இலக்கிய ஆர்வமுள்ளவர்களுக்கான நுணுக்கம் என்று கருதிவிடக் கூடாது. சில மாதங்களுக்கு முன், பள்ளியில் என்னிடம் படித்த பெண் ஒருவர், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுப்பதற்காகத் தாம் எழுதிய மனுவை என்னிடம் காட்ட வந்தார். மூன்று பக்கம். மாமனார் இறந்தது, மைத்துனர் சென்னைக்குப் போனது, வீட்டு வரி கட்டியது, கூரை ஒழுகுவது என்று எல்லாம் இருந்தன. பட்டாவில் பெயர் மாற்றம் வேண்டும் என்ற கோரிக்கை மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. அவர் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் 90-க்கு மேல் வாங்கியவர். இருவரும் திண்ணையில் அமர்ந்து, கேட்பது என்ன என்பதை ஒரு பத்தியாகவும், கேட்பதற்கு உரிமை என்ன என்பதை மற்றொரு பத்தியாகவும், இணைத்துள்ள ஆவணங்களை மூன்றாவதாகவும் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதிமுடித்தோம். கூரை ஒழுகுவதை எடுக்க அவருக்கு மனமே வரவில்லை. அது வேறொரு மனுவுக்கு உரிய பொருள் என்று சொன்ன பிறகே சம்மதித்தார். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் ஓரிடத்தில், ஓர் அலுவலர் ஒரு மனுவுக்கு ஒதுக்கக்கூடிய சில நிமிடங்களுக்குள் தன் தேவையைச் சொல்லத் தெரிவது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தொடும் திறன். அந்தத் திறனைத் தராமலே அவரை நாங்கள் தேர்ச்சி பெறச் செய்திருந்தோம்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள்கள் சிலவற்றை முன்வைக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, வாரம் ஒரு பாடவேளையைப் பத்தி எழுதுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். பொதுத்தேர்வில், குறிப்புச் சட்டகம் இல்லாமல், பாடநூலில் இல்லாத அன்றாடப் பொருள் ஒன்றைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதும் வினா ஒன்று இடம்பெற வேண்டும். அதற்கான விடைக்குறிப்பில் பொருள் ஒருமைக்கும் வாக்கியத் தொடர்ச்சிக்கும் மதிப்பெண் பிரித்துக் காட்டப்பட வேண்டும். தேர்வில் இல்லாத ஒன்று வகுப்பறையில் நிலைக்காது என்பதை 31 ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் எத்தனை நல்ல நோக்கங்களை எழுதினாலும், விடைக்குறிப்பில் எழுதியிருப்பதையே ஆசிரியர்கள் நடத்துவார்கள். அவர்களை அதற்காகக் குறைகூறவும் முடியாது.

ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வாரந்தோறும் எப்படித் திருத்துவது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் அரைத்தாளில் எழுதச் சொல்வேன், அதற்குமேல் ஒரு வரியும் கூடாது. அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும் சந்திப்பிழையையும் எழுத்துப்பிழையையும் திருத்தமாட்டேன். சிவப்பு மையால் நிறைந்த தாளைப் பார்த்ததும் பிள்ளை அடுத்த முறை தான் நினைத்ததை எழுத அஞ்சி, பிழை வராத பழைய வரிகளுக்கே திரும்பிவிடும். எந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் தொடர்பு அறுகிறதோ, அங்கே ஒரே ஒரு கோடு மட்டும் போடுவேன். ஒரு தாளுக்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. சில மாதங்களில் பிள்ளைகளே ஒருவர் தாளில் ஒருவர் அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போடப் பழகிவிட்டார்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு நாள், ஒரு மூலையில், வரிசை மாற்றிய ஏழு வாக்கியங்களை வெளியிட்டு, அவற்றை நிரல்படுத்தி அனுப்புமாறு மாணவர்களைக் கேளுங்கள். அவற்றோடு ஒட்டாத எட்டாவது வாக்கியம் ஒன்றையும் கலந்துவிடுங்கள். அதற்கு வேண்டிய பத்திகளைத் தேர்ந்து, வெட்டிக் கலைத்து, விடையோடு மாதந்தோறும் அனுப்பித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். பழைய உறைகள் இருநூறுக்குமேல் என் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
மன்னார்குடி.