வசனம் காதில் விழ வேண்டும்: ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பிரிவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் அலைவரிசையில் ஒளிபரப்பான மகாசங்கமத்தைத் திங்கள் முதல் சனி வரை விடாமல் பார்த்த நேயர்களில் நானும் என் அக்காவும் அடக்கம். இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் என்னென்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால், கதையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த மாமியார் இளைய மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் முன்னோட்டங்களில் காட்டிக் காட்டி ஆசை மூட்டிய அந்த ரகசியத்தைச் சொன்னாரே, அந்த வசனம் எங்கள் வீட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை. வயலினும் உருமியும் இடையிடையே இடிமுழக்கமும்தான் விழுந்தன. சனிக்கிழமை முன்கதைச் சுருக்கத்தில் அதே வசனம் மறுபடி வந்தது, அதே இடிமுழக்கத்தோடு.

எனக்கு ஓரளவு காது கேட்கும். அக்காவுக்குக் கேட்காது. குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். தறிச் சத்தம் அவருடைய செவியை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார். அந்தக் கருவி பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்துத் தராது. பின்னணி இசையையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். வெள்ளிக்கிழமை அந்தக் காட்சி வந்தபோது அவர் என் பக்கம் திரும்பி, "என்னத்தடா சொல்லிப்போட்டா அவ?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். ஒலியைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். இசை கூடியது. அடுத்த நொடி வந்த சோப்பு விளம்பரத்தின் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுததுதான் மிச்சம்.

காது கேளாதவர்கள் தொலைக்காட்சியைக் காதால் மட்டும் பார்ப்பதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள் என்றே நினைக்கிறேன். உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். தறிக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு அது கைவந்த கலை, ஏனெனில் அங்கே பேச்செல்லாம் உதட்டில்தான் நடக்கும். ஆனால் தங்கள் தொடர்களில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. முக்கியமான வசனம் தொடங்கியதும் கேமரா பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் எட்டுப் பேரின் முகத்துக்கும் ஒவ்வொன்றாகப் போய், ஒவ்வொரு முகத்தையும் மூன்று முறை பாய்ந்து பாய்ந்து காட்டுகிறது. போதாக்குறைக்கு, பல கதாநாயகிகள் வேற்று மொழிக்காரர்களாக இருப்பதால் அவர்களுக்கு வேறொருவர் குரல் கொடுக்கிறார். உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்கிறது. யார் எந்த ஊரிலிருந்து வந்து நடித்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் உதட்டையும் நம்ப முடியாமல், ஒலியையும் பிரித்தறிய முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தான் சந்தா கட்டிப் பார்க்கும் நாடகத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதைத் தம்பியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது முறையா என்று தாங்களே சொல்லுங்கள்.

இது தங்களால் முடியாத காரியம் என்று நான் நம்பவில்லை. அதே வாரம், அதே அலைவரிசையில், இரவு 8.30 மணிக்கு வரும் தையல் கடைத் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். புதன்கிழமைப் பகுதியில், ரவிக்கையின் கைப்பகுதி இறுக்கமாகிவிட்டது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளரிடம், மூத்த சகோதரி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, ஒரு வார்த்தையும் கடிந்து பேசாமல், அவருடைய கையையே மறுபடி அளந்து காட்டும் காட்சி ஒன்று வந்தது. பின்னணியில் தையல் எந்திரத்தின் ஓசையைத் தவிர வேறெதுவும் இல்லை. பேசியவரின் முகம் திரையில் இருந்தது. அக்கா அந்தக் காட்சி முழுவதையும் என்னை ஒருமுறைகூடக் கேட்காமல் பார்த்துச் சிரித்தார். அந்த வாரம் முழுவதிலும் ஆகச் சிறந்த நடிப்பும் அதில்தான் இருந்தது என்பது என் தாழ்மையான கருத்து. அந்தத் தொடருக்கு இசை சேர்ப்பவரும் தங்கள் சம்பளப் பட்டியலில்தானே இருக்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை நகைச்சுவை நிகழ்ச்சிக்கோ மகாசங்கமத்தின் கதிதான். நியாயவிலைக் கடையில் விரல் ரேகை பதியாத முதியவரைப் பற்றி இரண்டு இளைஞர்கள் நடித்த துணுக்கு, பெண் வேடமிட்ட ஆணை அறைவதையும் உடல் பருமனைக் கிண்டல் செய்வதையும் விட்டால் நமக்கு நகைச்சுவையே வராதோ என்ற என் சந்தேகத்தைக் கொஞ்சம் தீர்த்துவைத்தது. எந்திரம் மூன்றாம் முறையும் ரேகையை ஏற்க மறுத்தபோது அந்தப் பெரியவர் ஏதோ சொன்னார். அது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. அவர் வாய் திறப்பதற்குள் பதிவு செய்த சிரிப்பொலியும், நடுவர்கள் மேசையைத் தட்டிய ஓசையும் வந்து சேர்ந்துவிட்டன. இவ்வளவு பேர் சிரித்ததைப் பார்த்தால் நல்ல நகைச்சுவையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சமையலறையில் இருப்பவரைக் கூடத்துக்கு இழுக்கத்தான் இசையை இவ்வளவு உரக்க வைக்கிறீர்கள் என்பதும், வியாழக்கிழமை தோறும் வெளியாகும் டிஆர்பி புள்ளிகளே தங்களுக்குப் படியளக்கின்றன என்பதும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகள் சொல்வதையும், மகாசங்கமத்தின்போது அந்த விதி எந்த மண்டபத்தில் மாட்டிக்கொண்டது என்பதையும் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். இப்போதைக்கு அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் கோரிக்கை இரண்டே இரண்டு. வசனம் பேசும்போது இசையைத் தணியுங்கள். வசனத்தைத் தமிழ் எழுத்தில் திரையின் அடியில் ஓடவிடுங்கள். வசனமும் இசையும் தனித்தனியாகப் பதிவாகிக் கடைசியில்தான் கலக்கப்படுகின்றன என்பதால், முதலாவதற்குச் செலவே கிடையாது. இரண்டாவதற்கு, ஒளிபரப்புக்குச் சற்று முன்புதான் பகுதி வந்து சேர்கிறது, தட்டச்சு செய்ய நேரமில்லை என்று முன்பு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. வசனத்தை ஒருவர் எழுதிக் கொடுத்த பிறகுதானே நடிகர்கள் பேசுகிறார்கள்? எழுதப்பட்ட அந்த வசனம் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

திரையில் இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஒரு கதாபாத்திரம் கோப்பையைத் தொட்டதும் மதுவின் தீமை எழுத்தில் வருகிறது. நடிகை மாறினால் "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்தில் வருகிறது. அடுத்த தொடரின் நாயகன் கையைக் கட்டிக்கொண்டு திரையின் கால்பங்கை மறைத்தபடி எழுந்து நிற்கிறார். நிகழ்ச்சி பற்றிக் குறையிருந்தால் எங்கே எழுத வேண்டும் என்பதும் அடியில் வரிவடிவில் ஓடுகிறது. பேசப்படும் தமிழுக்குத்தான் அந்தத் திரையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

செவித்திறன் குறைந்தோர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சைகை மொழியிலோ எழுத்து வரிகளுடனோ பார்க்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில் கூறுகிறது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019இல் இதற்கான தரநிலைகளையும் வெளியிட்டது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமன்று. அக்காவைப் போல் தறியிலும் ஆலையிலும் செவியை இழந்தவர்கள் சலுகை கேட்கவில்லை என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒரே நாளில் செய்துவிட முடியாது என்பதை ஏற்கிறோம். தையல் கடைத் தொடர் இப்போதே கேட்கிறது, அதற்கு அவசரமில்லை. வசனம் அறவே கேட்காத இரவு 9 மணித் தொடரிலிருந்து, அடுத்த மகாசங்கமம் தொடங்குவதற்கு முன்பாகவே, இதைத் தொடங்கிவைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் நேயர்களில் ஒருவன்,
குமாரபாளையம்