சின்டோக் ராணி வைப்பாட்டி இல்லைங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

சியோல் நகரத்தைப் பத்தி நீங்க போட்ட கட்டுரை நல்லா இருந்துச்சு, படங்களும் அருமை. ஆனா ஜோசொன் வம்சத்தோட முதல் பட்டத்து ராணி சின்டோக்கைப் பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் மன்னரை மயக்கி தன் சின்னப் பையனுக்குப் பட்டம் வாங்கிக் குடுத்த இளைய தாரம்னு வந்திருக்கு பாருங்க, அதைப் படிச்சதும் மனசு ஆறல. நம்ம பக்கம் கொரிய ராணின்னாலே இங்கேருந்து கடல் தாண்டிப் போய் ராணி ஆனதா சொல்ற செம்பவளம் கதைதான், அது உண்மையா இல்லையான்னு சண்டை போட்டே நேரம் போயிடுது, சரித்திரத்துல நிஜமா வாழ்ந்து நிஜமா அநியாயத்துக்கு ஆளான ஒருத்தியைப் பத்தி பேச வாய்ப்பு வரும்போது இப்படி ஒரே வரில தள்ளிட்டுப் போறது சரியில்லைங்க.

அவங்க பிறந்தது 1356ல, கொரியாவை அப்ப ஆண்ட கோரியோ ராஜ்ஜியம் தள்ளாடிக்கிட்டிருந்த காலம். காங் குடும்பம், தலைநகர் கேசோங்ல செல்வாக்கான ஆளுங்க. யி சோங்க்யே அப்ப வடகிழக்கு எல்லையில இருந்து வந்த தளபதி, வீரத்துக்குக் குறைவில்லை, ஆனா தலைநகர்ல அவருக்குன்னு யாரும் கிடையாது. ஊர்ல ஏற்கனவே ஹான் குடும்பத்துப் பொண்ணைக் கட்டி அவங்களுக்கு ஆறு பையன்கள். அவரைவிட 21 வயசு சின்னவங்களான காங் குடும்பத்துப் பொண்ணை அவர் தலைநகர்ல கட்டிக்கிட்டாரு. கிணத்தடியில தண்ணி கேட்டவருக்கு அவசரமா குடிக்கக் கூடாதுன்னு சுரைக்குடுக்கையில வில்லோ மர இலையைப் போட்டுக் குடுத்தாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க, அழகான கதைதான், ஆனா இதே கதையை கோரியோவை உண்டாக்கின வாங் கியோனுக்கும் ஜாங்வா ராணிக்கும் கூட சொல்றாங்க, அதனால அதை நான் கணக்குல எடுத்துக்கல.

கணக்குல எடுத்துக்க வேண்டியது வேற. அந்தக் காலத்து கோரியோ பெரிய மனுஷங்க ஊர்ல ஒரு மனைவி, தலைநகர்ல ஒரு மனைவின்னு வச்சுக்கறது வழக்கமா நடந்த விஷயம், ரெண்டு பேருமே முறையான மனைவிதான், ஒருத்தி பெரியவ ஒருத்தி வைப்பாட்டின்னு கிடையாது. மனைவி உயிரோட இருக்கும்போது இன்னொருத்தியை மனைவியா கட்டக் கூடாதுன்னு சட்டம் வந்தது 1413ல. சின்டோக் ராணி செத்தது 1396ல. அதாவது தான் செத்து 17 வருஷம் கழிச்சு வந்த சட்டத்தோட கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் அவங்களை வைப்பாட்டின்னு சொல்றோம், உங்க கட்டுரையாளரும் தெரியாமலே அதைத்தான் செஞ்சிருக்காரு.

அந்தச் சட்டம் யாரு ஆட்சியில வந்துச்சுன்னா, மூத்த மனைவியோட அஞ்சாவது பையன் யி பாங்வோன், அதாவது மன்னர் தேஜோங் ஆட்சியில. இந்த ஆளோட கதை தெரியாம ராணியோட கதை புரியாது. சித்திக்கும் இவனுக்கும் 11 வயசுதான் வித்தியாசம். கோரியோவுக்கு விசுவாசமா இருந்த அறிஞர் ஜோங் மோங்ஜுவை 1392ல ஆள் வச்சுத் தீர்த்துக் கட்டி அப்பா சிம்மாசனம் ஏற வழி பண்ணினவன் இவன்தான். ஹான் அம்மா 1391லயே போயிட்டாங்க, அதனால 1392ல யி சோங்க்யே மன்னராகி (தேஜோ மன்னர்னு சொல்றது இவரைத்தான்) ஜோசொன்ங்கற புது வம்சம் ஆரம்பிச்சப்ப பட்டத்து ராணியா உக்காந்தது சின்டோக். அப்புறம் இளவரசர் யாருன்னு பேச்சு வந்தப்ப, வளர்ந்து ஆளான பையன்களை எல்லாம் விட்டுட்டு ராணியோட ரெண்டாவது பையன் பாங்சோக், வெறும் பத்து பதினோரு வயசுப் பையன், அவனுக்குப் பட்டம் குடுத்தாங்க. பாங்வோனுக்குக் கோவம் வந்தது எனக்கும் புரியுது, ரத்தம் சிந்தினவனுக்கு ஒண்ணும் கிடைக்கலன்னா யாருக்குத்தான் வராது. ஆனா அந்த முடிவுல மன்னரும் இருந்தாரு, மந்திரி ஜோங் டோஜோனும் இருந்தாரு, பழி மட்டும் பொம்பளை தலையில. ராணி தன் பையனுக்காகப் பேசியிருப்பாங்க, பேசாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்.

நாலே வருஷம், 1396ல நாப்பது வயசுல அவங்க போய்ச் சேந்துட்டாங்க. தேஜோ மன்னர் அழுது தீர்த்தாருன்னு மட்டும் சொன்னா போதாது, நகரத்து மதிலுக்குள்ள சமாதி வைக்கிற வழக்கமே இல்லாதப்ப அவங்களுக்கு மட்டும் அரண்மனைக்குப் பக்கத்துல, இப்ப ஜோங்டோங்னு சொல்ற பகுதியில சமாதி எழுப்பி பக்கத்துலயே ஹுங்சோன்சா கோயிலையும் கட்டினாரு. கோயில் மணி காதுல விழுந்த பிறகுதான் சாப்பாட்டுல கை வைப்பாருன்னு ஒரு பேச்சு இருக்கு.

ரெண்டு வருஷத்துல, 1398ல, பாங்வோன் கிளம்பிட்டான். ஜோங் டோஜோனைக் கொன்னான், சின்டோக்கோட ரெண்டு பையன்கள் பாங்பான், பாங்சோக் ரெண்டு பேரும் கொல்லப்பட்டாங்க, பதினாறு பதினேழு வயசுங்க ரெண்டும். மக க்யோங்சுன் இளவரசியோட புருஷனையும் விடல. மிச்சமிருந்த அந்த ஒரே பொண்ணை அப்பாவே மொட்டையடிச்சு பிக்குணியா அனுப்பி வச்சாரு, உயிராவது தப்பட்டும்னு நினைச்சிருப்பாரோ என்னவோ. இந்தப் பொண்ணைப் பத்தி யாருமே எழுதறதில்லை, அதை நினைச்சாத்தான் எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு. அம்மாவைப் பறிகொடுத்து, கூடப் பிறந்தவங்க, புருஷன்னு ஒரே கலவரத்துல எல்லாரையும் பறிகொடுத்து, கடைசில தலைமுடியும் போச்சு.

பாங்வோன் 1400ல மன்னராயிட்டான், சரி, ஜெயிச்சாச்சு, அதோட விட்டிருக்கலாம். விடல. 1406ல சமாதியோட எல்லையை நூறு தப்படியாக் குறைச்சு, அந்த நிலத்துல பெரிய மனுஷங்க வீடு கட்டிக்க விட்டான். 1408ல அப்பா கண்ணை மூடினாரு, ஒரு வருஷம் கூட ஆகல, 1409ல சமாதியையே பிரிச்சு மதிலுக்கு வெளிய கொண்டு போயிட்டான். பூஜை மண்டபத்து மரம் சீனத் தூதருங்க தங்கற விடுதி வேலைக்குப் போச்சு. 1410ல வெள்ளத்துல ஊருக்குள்ள இருந்த குவாங்தோங் பாலம் அடிச்சுட்டுப் போனப்ப, சித்தியோட சமாதியைச் சுத்தி நின்ன சிற்பக்கல்லை எல்லாம் எடுத்து புதுப் பாலத்தோட தாங்குசுவர்ல வச்சுக் கட்டினாங்க. உங்க கட்டுரையில சோங்க்யேசோன் ஓடை ஓரமா மேகமும் தேவ உருவமும் செதுக்கின கல்லுன்னு ஒரு படம் இருக்குல்ல, அது அந்தக் கல்லுங்கதான். சிலது தலைகீழா இருக்கும். வேணும்னே கவுத்து வச்சாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, கொத்தனார் கைக்கு வந்தபடி வச்சிருக்கலாம்னும் எனக்குத் தோணுது, எப்படி வச்சா என்னங்க, ஊர் ஜனம் மொத்தமும் நடந்து போற பாலத்துக்கு ஒரு ராணியோட சமாதிக்கல் போனதே போதாதா.

ஒரு மனுஷனோட கோவம்னு மட்டும் இதைப் பாக்கக் கூடாது. தம்பிகளைக் கொன்னு வந்த ஆட்சிக்கு ஒரு நியாயம் வேணும், சித்தி மனைவியே இல்லைன்னு ஆக்கிட்டா அவங்க பையன் இளவரசனா இருந்ததே தப்புன்னு ஆயிடும், கொலை திருத்தமா மாறிடும். அதனாலதான் ராஜவம்சக் கோயிலான ஜோங்ம்யோல மூதாதையர் வரிசையில அவங்களுக்கு இடம் குடுக்கல. 1415ல வைப்பாட்டி வம்சத்து ஆளுங்களுக்கு உத்தியோகம் கிடையாதுன்னு வந்த கட்டுப்பாட்டையும் பாங்சோக் விவகாரத்தோட சேர்த்துப் பாக்கற வரலாற்று ஆய்வாளருங்க உண்டு, அந்தக் கட்டுப்பாடு ஜோசொன் முழுக்க எத்தனை தலைமுறைப் பசங்களோட படிப்பையும் பிழைப்பையும் முடக்குச்சுன்னு நினைச்சுப் பாருங்க.

நியாயம் கிடைச்சது 1669ல. சோங் சியோல்ங்கற அறிஞர் மன்னர் ஹியோன்ஜோங்கிட்ட வாதாடி ராணிங்கற மரியாதையை மீட்டுக் குடுத்தாரு, அவங்க பேரு பொறிச்ச பலகை ஜோங்ம்யோக்குள்ள போச்சு. செத்து 273 வருஷம். சமாதியில சடங்கு பண்ணின அன்னைக்கு கொட்டோ கொட்டுன்னு மழை பெஞ்சதாவும் ராணியோட மனக்குறையைக் கழுவற மழைன்னு ஜனங்க அதைச் சொன்னதாவும் வழிவழியா சொல்லிட்டு வராங்க. இப்பவும் சியோல் வடக்குல ஜோங்னுங்ங்கற அந்தச் சமாதி இருக்கு, பழைய இடத்துல இருந்து வந்ததுன்னு சொல்ல கல்விளக்கும் பலிக்கல்லைத் தாங்கற உருண்டைக் கல்லுங்களும்தான் மிச்சம். 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்த 40 ஜோசொன் அரச சமாதிகள்ல இதுவும் ஒண்ணு. 1950கள் கடைசியில ஓடையை மூடி ரோடு போட ஆரம்பிச்சதுல மண்ணுக்குள்ள போன பாலமும் 2005ல திரும்ப வெளிய வந்துருச்சு, கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க.

ஆசிரியர் கிட்ட ரெண்டு வேண்டுகோள். அடுத்த இதழ்ல சின்ன திருத்தமாவது போடுங்க, அவங்க முறையான பட்டத்து ராணின்னு. அப்புறம் இந்த ராணிகளைப் பத்தி ஒரு தொடரே போடலாமே, கொரிய சீரியல் பாக்கறவங்க நம்ம வீடுகள்ல இப்ப எவ்ளோ பேர், படிக்க ஆள் இருக்கு. ஆறாவது மன்னர் டான்ஜோங்கோட மனைவி ஜோங்சுன் ராணில இருந்து ஆரம்பிங்க. சின்ன வயசுலயே மன்னரோட சித்தப்பன் பட்டத்தைப் பிடுங்கிட்டான், 1457ல புருஷனும் போயாச்சு, அந்தம்மா அதுக்கப்புறம் 64 வருஷம் இருந்தாங்க, துணிக்குச் சாயம் போட்டுப் பிழைச்சாங்கன்னு சொல்றாங்க, 1521ல 80 வயசு தாண்டித்தான் கண்ணை மூடினாங்க. அவங்களுக்கு ஒரு நாலு பக்கம் ஒதுக்குங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
தஞ்சாவூர்